ஆயில் லைட் எரிந்ததா?

டேஷ்போர்டில் இருக்கிற முள்ளெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஆடினால் முள் மேல் குற்றமில்லை. எர்த் சரியில்லை என்று அர்த்தம். பாடி ஏரியாவில் கடை போட்ட நாளிலிருந்து இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒரு டிரைவரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. டீசல் முள் விழுந்தால் டேங்க்கில் இருக்கிற மிதவையை மாற்று என்பான். டெம்பரேச்சர் முள் ஏறினால் ரேடியேட்டரைக் கழற்று என்பான். இரண்டும் சேர்ந்து ஆடினால் வண்டிக்குக் கண் பட்டுவிட்டது என்று எலுமிச்சம்பழம் வாங்கப் போய்விடுவான்.

போன கோடையில் ஒரு மத்தியானம் என் கடைக்கு வந்த லாரிக்கும் அதே வியாதிதான். ஆறு சக்கரப் பழைய டீசல் வண்டி, பின்னால் கன்டெய்னர் பெட்டி, முகப்பு முழுக்கப் புதுப் பச்சைப் பெயின்ட். ஹெட்லைட் போட்டால் டெம்பரேச்சர் முள் எகிறியது. ஆரன் அடித்தால் டீசல் முள் படுத்துக்கொண்டது.

"அண்ணாத்தே, இத்த பாத்துகினே ஓட்டுனா பயமா கீது," என்றான் டிரைவர். முப்பது வயது இருக்கும், அவசரக்காரன்.

"பயமா இருந்தா பஸ்ல போ," என்றேன்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கை சுத்தம் என்கிற திமிரில் வளர்ந்த வாய் அது. லாரி ஒயரிங் மட்டும் முப்பது வருடத்துக்கு மேல் பார்க்கிறேன். திருத்தின வேலை திரும்பி வந்ததில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன். வெள்ளானூரில் ஒரு மனை வாங்கி இரண்டு அறை கட்டினேன். அதில் தனியாக இருக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்லி அனுப்பியிருக்கிறேன், இப்போது கேட்பதற்கும் ஆளில்லை. சாயங்காலம் ஷட்டரை இறக்கினால் மறுநாள் காலை ஷட்டரை ஏற்றும்வரை என் குரலை நானே கேட்பது கிடையாது. சில நாள் பால் பாக்கெட் வாங்கும்போது "ஒண்ணு" என்பேன், அவ்வளவுதான்.

டேஷ்போர்டு மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றும்போதுதான் அந்தத் தடத்தைப் பார்த்தேன். ஸ்டீயரிங்குக்கு வலது பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்த அடையாளம். காகிதம் போய்விட்டது. பசை மட்டும் அழுக்கு ஏறி, மூன்று எண்களின் உருவத்தில் நின்றது. 786.

கீழே இறங்கி முன்னால் போய் நம்பர் பிளேட்டைப் பார்த்தேன். எனக்கு மனப்பாடமான அதே பழைய வண்டி நம்பர். முன்பு மணல் அடித்த வண்டி, மேல் திறந்த பெட்டி, சிவப்புப் பெயின்ட். பெட்டியை மாற்றி, நிறத்தை மாற்றிவிட்டதால் எனக்குத் தெரியவில்லை.

அது பாய் ஓட்டிய வண்டி.

அவரை நான் பாய் என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை நைனா என்பார். இரண்டு பேருக்கும் ஒரே வயசு. பூந்தமல்லியில் பள்ளிவாசலுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் அவர் வீடு. பதினோரு வருடம் அந்த வண்டியை ஓட்டினார். லோடு இருக்கிறதோ இல்லையோ, மத்தியானச் சாப்பாட்டுக்கு முடிந்தவரை என் கடைக்கு வந்துவிடுவார். என் ரசம் சாதத்தை ஒரு வாய் தின்று பார்த்து, "இத்த ரேடியேட்டர்ல ஊத்து நைனா, நல்லா ஓடும்," என்று தள்ளி வைத்துவிட்டு, வீட்டில் கொடுத்துவிட்ட தாளிச்சாவை என் தட்டில் ஊற்றுவார். ரம்ஜானுக்கு அவர் வீட்டில்தான் சாப்பாடு. அவர் மனைவி என்னை அண்ணே என்பார், நான் தங்கச்சி என்பேன். எனக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள இருந்தது அந்த ஒரு வீடுதான்.

எட்டு வருடத்துக்கு முன் அது அறுந்துபோனது. எப்படி அறுந்தது என்பதை பச்சை லாரி வந்த அந்த மத்தியானம் வரை நான் எனக்கு ஒரு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பூந்தமல்லி பைபாஸில் வண்டி நின்றுபோனது. ஆயில் பைப் விரிசல் விட்டு எஞ்சின் ஆயில் முழுக்க ரோட்டில் போய், சொட்டு ஆயில் இல்லாமல் ஓடி எஞ்சின் ஜாம் ஆகிவிட்டது. அந்த வண்டியில் ஆயிலுக்கு முள் கிடையாது, சிவப்பு லைட் ஒன்றுதான். ஆயில் அழுத்தம் விழுந்தால் அது எரியும், எரிந்தவுடன் நிறுத்தினால் எஞ்சின் பிழைக்கும். வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு நேராக என் கடை வாசலில் நிறுத்தினார்கள். லாரி முதலாளி வந்தார். நாலைந்து டிரைவர்கள் வேடிக்கை பார்க்க நின்றார்கள்.

"லைட் எரியலபா," என்றார் பாய். "நான் பாத்துகினே வந்தேன். வண்டி நின்ன பெறகுதான் எரிஞ்சுது."

முதலாளி என்னைப் பார்த்தார். "நீதானே அந்த லைட்டுக்கு வேலை செஞ்சே?"

நான்தான் செய்தேன். மூன்று மாதத்துக்கு முன் அந்த ஆயில் லைட்டை எரியவைக்கிற புது ஸ்விட்சை எஞ்சினில் போட்டிருந்தேன். என் வேலையைப் பற்றி நாலு பேர் முன்னால் கேள்வி வந்ததும் எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. கேபினில் ஏறி சாவியைத் திருகினேன். ஆயில் லைட் பளிச்சென்று எரிந்தது.

"இதோ எரியுதே! நின்ன பிறகு எல்லா லைட்டும்தான் எரியும். நிக்கறதுக்கு முன்னாடி எரிஞ்சதை இவர் பாக்கல. போன் பேசிட்டு வந்திருப்பார்."

அந்தக் கடைசி வார்த்தைக்கு அவசியமே இல்லை. பாய் வண்டி ஓட்டும்போது போனைத் தொடமாட்டார் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாருமில்லை.

பாய் அந்த லைட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "அப்ப என் கண்ணுதான் அவுட்டு போல," என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டைத் தாண்டி பஸ் ஸ்டாப்புக்குப் போனார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை பேர் முன்னால் என்னைக் குத்திக்காட்டிவிட்டுப் போகிறான் பார் என்று நினைத்தேன். முதலாளி அன்றே அவரை வேலையை விட்டு நிறுத்தினார். எஞ்சினைச் சரி பண்ணி வண்டியையும் விற்றுவிட்டார்.

பாய் அப்புறம் கடைப்பக்கம் வரவில்லை. தப்பை ஒத்துக்கொள்ள மனசில்லாமல் முறுக்கிக்கொண்டு போகிறார், நாலு நாள் போனால் வருவார் என்று இருந்தேன். நாலு மாதம் போனது. ரம்ஜான் வந்தது. அன்றைக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, கூப்பிடுவார் என்று வெள்ளானூரில் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். போன் வரவில்லை. நானும் போடவில்லை. எனக்கு மட்டும் ரோஷம் இல்லையா? பிற்பாடு அவர் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தால் பார்ப்பேன், பேரப்பிள்ளை படம், மழை படம். நான் பார்த்தது அவருக்குத் தெரிந்துவிடுமே என்று ஒருநாள் அதையும் விட்டேன். அவர் தார்ப்பாய் தைக்கிற கடையில் வேலைக்குப் போகிறார் என்று மட்டும் கேள்விப்பட்டேன். இருபது வருடம் ஸ்டீயரிங் பிடித்தவர் ஏன் ஊசி பிடிக்கிறார், வேறு வண்டியா கிடைக்கவில்லை என்று எரிச்சல்தான் வந்தது.

இத்தனையும் மனசில் ஓட, அந்தப் பச்சை லாரியின் டேஷ்போர்டை இழுத்துத் திருப்பினேன். நான் சொன்ன எர்த் ஒயர்தான், துருப்பிடித்து ஒரு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. சுரண்டி, புது முனை போட்டு முறுக்கினேன். முள்ளெல்லாம் அடங்கின. டிரைவர் ஆரனை அடித்து அடித்துப் பார்த்துச் சிரித்தான். அதோடு மூடியை மூடியிருக்கலாம். ஒயர்க்கட்டை உள்ளே தள்ளும்போது விரலில் ஒரு முடிச்சு தட்டியது.

நான் ஒட்டு போட்டால் அதன்மேல் டேப் சுற்றி, டேப் முனையில் செருப்புத் தைக்கிற மெழுகு நூலால் மூன்று முடிச்சு போடுவேன். கேபின் சூட்டில் டேப்பின் பசை இளகிப் பிரிந்துவிடும், நூல் கட்டினால் பிரியாது. பாடியில் வேறு யாரும் அப்படிக் கட்டுவதில்லை. அவ்வளவு பொறுமை எவனுக்கு இருக்கிறது என்று பீற்றிக்கொள்வேன். இது என் முடிச்சு. ஆனால் இருக்கக்கூடாத இடத்தில் இருந்தது. ஆயில் லைட்டின் ஒயரும், பேட்டரி சார்ஜ் ஆகிறதா என்று காட்டுகிற சார்ஜ் லைட்டின் ஒயரும் அங்கே ஒன்றாகச் சேர்ந்திருந்தன. பக்கத்தில் எஞ்சினின் ஆயில் ஸ்விட்சிலிருந்து வருகிற ஒயர், முனையில் டேப் சுற்றி, எதிலும் சேராமல் சும்மா கிடந்தது. அதிலும் மூன்று முடிச்சு.

முடிச்சுகளை இன்னொரு தரம் எண்ணிப் பார்த்தேன்.

லாரியை வருடா வருடம் எப்.சி.க்குக் காட்ட வேண்டும். ஆர்.டி.ஓ. ஆபீசில் விளக்கு, பிரேக் எல்லாம் பார்த்துச் சான்று தருவார்கள். அதற்கு முந்தின நாள் எங்கள் மாதிரிக் கடைகளில் நடக்கிற வேலையைப் பார்த்தால் நீங்கள் ரோட்டில் லாரிக்கு அருகே போகமாட்டீர்கள். அதில் ஒன்று இது. ஆயில் ஸ்விட்ச் பழுதாகி லைட் விட்டு விட்டு எரிந்தால், புது ஸ்விட்ச் கிடைக்கும்வரை ஆயில் லைட்டை சார்ஜ் லைட்டோடு சேர்த்துவிடுவோம். சாவி போட்டால் இரண்டும் எரியும். எஞ்சின் ஓடத் தொடங்கினால் இரண்டும் அணையும். பார்க்கிறவனுக்குச் சுத்தமான வண்டி. ஆனால் ஆயில் இருக்கிறதா இல்லையா என்பது அந்த லைட்டுக்குத் தெரியவே தெரியாது. "எப்.சி. முடிஞ்சதும் வா, பிரிச்சு உட்டுடறேன்," என்று சொல்லி அனுப்புவோம். பத்துப் பேரில் ஒருவன் வருவான்.

அந்த ஒருவன் பாய்தான். எப்.சி. முடிந்த மறுநாளே புது ஸ்விட்சோடு வந்து நின்றார். அன்று கடையில் மூன்று வண்டி வரிசையில் நின்றது. நான் எஞ்சினில் ஸ்விட்சைப் பூட்டினேன், ஒயரைச் சொருகினேன், சாவி போடச் சொன்னேன், எரிந்தது. ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன், அணைந்தது. "ஓகே பாய், போலாம்," என்றேன். டேஷ்போர்டைத் திறந்து சேர்த்ததைப் பிரிக்க வேண்டும் என்பது மண்டையிலிருந்து சுத்தமாகக் கழன்றுவிட்டது. புது ஸ்விட்ச் எதோடும் சேராமல் வெறுமனே எஞ்சினில் உட்கார்ந்திருந்தது.

இருந்தாலும் மனசு விடவில்லை. வேறு எவனாவது என் முடிச்சைப் பார்த்துக் கட்டியிருக்கலாம் என்றுகூடத் தேடிப் பார்த்தது. டிரைவரை சாவி போடச் சொல்லிவிட்டு எஞ்சினுக்குக் கீழே படுத்தேன். ஸ்விட்சிலிருந்து ஒயரைக் கழற்றினேன். கழற்றினால் லைட் அணைய வேண்டும்.

"அணைஞ்சுதா?" என்று கத்தினேன்.

"இல்ல அண்ணாத்தே, ஜம்முனு எரியுது."

இன்னொரு தரம் கேட்டேன். இன்னொரு தரம் அதையே சொன்னான். இந்தச் சோதனைக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. எட்டு வருடத்துக்கு முன், முதலாளியும் நாலு டிரைவர்களும் நின்றபோது, சாவியைத் திருகிக் காட்டின கையால் இந்த ஒயரைக் கழற்றியிருந்தால் போதும்.

எஞ்சினுக்குக் கீழேயே கொஞ்ச நேரம் படுத்திருந்தேன். அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன். டிரைவர் குனிந்து, "இன்னா அண்ணாத்தே, கண்ல ஆயிலா?" என்றான். ஆமாம் என்றேன்.

அந்த ஒட்டைப் பிரித்து, ஒயர்களை அதனதன் இடத்தில் சேர்த்தேன். ஸ்விட்சைப் பத்துத் தரம் கழற்றி மாட்டிச் சோதித்த பிறகுதான் வண்டியை விட்டேன். அவசரக்காரன் முணுமுணுத்துக்கொண்டே வண்டியில் ஏறினான். இத்தனை வருடமாகக் குருட்டு லைட்டை நம்பித்தான் ஓட்டியிருக்கிறான் என்று அவனுக்குச் சொன்னேன். "இன்னாத்துக்கு இப்ப போயி சொல்ற?" என்றான். வெட்டி எடுத்த முடிச்சுத் துண்டை நான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

உடனே போய்விடவில்லை. மூன்று நாள் வெள்ளானூர் வீட்டில் அதை மேஜைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். போய் என்ன சொல்வது? வேலை போனது போனதுதான். அவர் வாயில் வந்தபடி திட்டினால் வாங்கிக்கொள்ளலாம். கதவைச் சாத்திவிட்டால்? இப்போதாவது கோபித்துக்கொண்டு ஒருவர் பூந்தமல்லியில் இருக்கிறார், என்றாவது கோபம் தீரும் என்று நினைத்துக்கொண்டு தூங்கலாம். போய்ச் சொல்லிவிட்டால் அந்த நினைப்பும் போய்விடும். உண்மையைச் சொல்வதென்றால் நான் பயந்தது அதற்குத்தான். அவர் பட்ட கஷ்டம் எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

வெள்ளிக்கிழமை கடையைத் திறக்கவில்லை. தொழுகை முடிந்து வந்திருப்பார் என்று கணக்குப் போட்டு மொபெட்டில் கிளம்பினேன். பூந்தமல்லி வரும்வரை என்னென்னவோ பேசிப் பழகிக்கொண்டு போனேன். சந்துக்குள் திரும்பியதும் எல்லாம் மறந்துவிட்டது.

பாய் வாசல் படியில் உட்கார்ந்து ஒரு தார்ப்பாய் ஓரத்துக்கு வளையம் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். தாடி முழுக்க நரைத்துவிட்டது. மூக்கில் கண்ணாடி. என்னைப் பார்த்து எழுந்தார். எழுந்த வேகத்தில் தார்ப்பாய் மடியிலிருந்து சரிந்தது.

"வா நைனா," என்றார். முகத்தில் நான் தேடிய கோபம் இல்லை. யாரிடமோ மாட்டிக்கொண்டவர் போலக் கூசினார்.

நான் நின்றபடியே பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்து நீட்டினேன். "பாய், அன்னிக்கு லைட் எரியல."

அவர் வாங்கிப் பார்த்தார். முடிச்சைத் தடவினார். "ஒன் கட்டு மாதிரி கீதே."

"என் கட்டுதான்." சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். எப்.சி.க்குச் சேர்த்தது, பிரிக்க மறந்தது, சாவி போட்டுக் காட்டினது. "சாவி போட்டா எரியும் பாய். ஆயில் போனா எரியாது. எரிஞ்சிருக்கவே முடியாது. நீங்க சொன்னதுதான் சரி. போன் பேசினீங்கன்னு சொன்னேனே, அது வாய்க் கொழுப்பு."

அவர் கண்ணாடியைக் கழற்றி லுங்கியில் துடைத்தார்.

"மூணு ஆசுபத்திரில கண்ண காட்டுனேன் நைனா. எழும்பூர்ல கூட காட்டுனேன். நல்லாத்தான் கீது, வண்டி ஓட்டலாம்னு சொன்னாங்கோ. நான் நம்பல. இது ஊசி கோக்கறதுக்கு போட்ட கண்ணாடி, அவ்ளோதான்."

"ஏன் பாய் நம்பல?"

"நீ எரிஞ்சுதுன்னியே." ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். "நீ சொன்னா தப்பா இருக்குமா? செவப்பு லைட்டு எதுர்ல எரிஞ்சுகினு கீது, நான் பாக்காம ஓட்டிகினு வந்துருக்கேன். நாளைக்கி ஒரு கொழந்த குறுக்க வந்தா? வண்டி குடுக்குறேன்னு ரெண்டு பேரு வந்தாங்கோ. வேணாம்னுட்டேன்."

"அப்ப கடைக்கு ஏன் வரல? என் மேல கோவம்னு நெனச்சேன்."

"கோவமா? ஒன் வேலைய குத்தம் சொன்னனே, அத்தினி பேரு முன்னாடி. எந்த மூஞ்ச வச்சுகினு வர்றது?"

அந்தச் சந்தில் அப்போது யாரோ ஸ்கூட்டரில் ஆரன் அடித்தார்கள். நான் ஓரமாக ஒதுங்கி நின்றேன். பாய் வீட்டுக்குள் திரும்பி, அவர் குரலில் நான் இதுவரை கேட்டிராத ஒரு அவசரத்தோடு கூப்பிட்டார்.

"ஏமே, இங்க வா. சீக்கிரம் வா. அன்னிக்கி லைட்டு எரியலியாம்!"

அவர் மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பாய் முடிச்சுத் துண்டை அவரிடம் கொடுத்து, நான் சொன்னதை வரி விடாமல் சொன்னார். நடுநடுவே "எரியவே முடியாதாம்" என்று சேர்த்துக்கொண்டார். கேட்டுக்கொண்டிருந்தவர் கண் நிறைந்து வழிந்தது.

"நான் சொல்லல?" என்றார் பாயிடம். "ஒங்க கண்ணுல ஒண்ணும் இல்லனு எட்டு வருசமா சொல்லல? நான் சொன்னா ஒறைக்கல. டாக்டர் சொன்னா ஒறைக்கல."

பாய் சின்னப் பிள்ளை போல் தலையைத் தலையை ஆட்டினார்.

பிறகு அவர் மனைவி என் பக்கம் திரும்பினார். திட்டவில்லை. வா என்றும் சொல்லவில்லை. அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இத்த அன்னிக்கே கழட்டிப் பாத்திருந்தா எவ்ளோ நேரம் ஆயிருக்கும் அண்ணே?"

நேரத்தைக் கூட்டிச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பாயும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணாடி இல்லாமல்.

"அரை நிமிஷம், தங்கச்சி," என்றேன்.